தொண்ணூற்றாறு கல், நான்கு முற்றம்: ஓர் எண்ணைப் பிரித்துப் பார்க்கப் பழகுவது எப்படி?

ஆத்தங்குடியில் ஒரு கல் பட்டறையில் பல வருடம் கணக்கு எழுதினேன். கல் என்றதும் கருங்கல் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணாடிப் பலகையின் மேல் அச்சை வைத்து, அதற்குள் வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றி, முதுகுக்கு மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊற வைத்து எடுக்கும் பூப்போட்ட தளக்கல். சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் முகத்தில் பளபளப்பாக வந்து உட்காருகிறது.

ஒருநாள், பக்கத்து ஊர் வீடு ஒன்றின் பின்கட்டுக்குப் பத்துக்குப் பத்து கல் தளம் வேண்டும் என்று ஆள் வந்தது. நான் யோசிக்கவே இல்லை. நூறு என்று சீட்டெழுதி வண்டியில் ஏற்றிவிட்டேன். மறுநாள் நான்கு கல் திரும்பி வந்தது. கூடவே கொத்தனாரின் வார்த்தையும் வந்தது: "கணக்கப்பிள்ளை, துளசி மாடத்தின் தலையிலா கல் பதிப்பார்கள்?"

நடுவில் மாடம் இரண்டுக்கு இரண்டு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. தேவைப்பட்டது 96தான். அவமானத்தில் அன்று மாலை நோட்டுப் புத்தகத்தில் அந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுந்திருக்க இரவாகிவிட்டது. அன்று தட்டுத்தடுமாறிக் கற்றதை, இதற்கு முன் எண்களைத் தனித்தனியாகப் பார்த்துப் பழகாத ஒருவர் பின்தொடரும் வகையில் இங்கே எழுதுகிறேன். பள்ளிக்கூடக் கணக்கு மறந்து போயிருந்தாலும் பரவாயில்லை. கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

தேவையானவை: கட்டம் போட்ட நோட்டு, பென்சில், ஒரு காம்பஸ். 96 புளியங்கொட்டையும் எடுத்துக்கொண்டால் நல்லது. பல்லாங்குழி ஆடுகிற வீடாக இருந்தால் சோழியே இருக்கும். கொட்டை வேண்டாம், மனத்திலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று தொடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதியில் எழுந்து கொட்டை தேடப் போவார்கள்.

புகழை ஒதுக்கி வையுங்கள்

எங்கள் பக்கத்தில் 96க்குப் புகழ் அதிகம். செட்டிநாடு ஆதியில் 96 ஊர் என்பார்கள். இன்று எழுபத்துச் சொச்சம்தான் மிச்சம். சைவ சித்தாந்தத்தில் தத்துவங்கள் 96. சிற்றிலக்கிய வகைகளும் 96 என்பது வழக்கு. இவையெல்லாம் எண்ணுக்கு மனிதர்கள் சூட்டிய மாலைகள். எண்ணின் குணம் அதுவல்ல. ஊர் நூறாகப் பெருகினாலும் எழுபதாகக் குறைந்தாலும் 96 இரண்டால் வகுபடுவதை யாரும் மாற்ற முடியாது. மாலையைக் கழற்றிவிட்டு ஆளைப் பார்ப்பதுதான் நம் வேலை.

முதல் படி: பாதி, பாதியில் பாதி

எந்த முழு எண்ணைக் கையில் எடுத்தாலும் முதலில் அதை உடைக்க வேண்டும். மேற்கொண்டு உடைக்க முடியாத துண்டுகள் வரும்வரை உடைக்க வேண்டும். அந்தத் துண்டுகளுக்குத்தான் பகா எண்கள் என்று பெயர்: 2, 3, 5, 7, 11, 13 என்று போகிறவை.

96 இரட்டைப்படை. எனவே பாதி போடுங்கள்: 48. மறுபடி பாதி: 24. பிறகு 12, பிறகு 6, பிறகு 3. மூன்றைப் பாதியாக்க முடியாது, அதுவே பகா எண். ஐந்து முறை பாதி போட்டோம், கடைசியில் ஒரு மூன்று நின்றது. ஆக,

96 = 2 × 2 × 2 × 2 × 2 × 3

சந்தேகம் இருந்தால் மூன்றிலிருந்து தொடங்கிப் பாருங்கள். 96ஐ மூன்றால் வகுத்தால் 32. அதைப் பாதி போட்டுக்கொண்டே போனால் 16, 8, 4, 2, 1. எந்த வழியில் போனாலும் ஐந்து இரண்டும் ஒரு மூன்றும்தான் வருகின்றன. எந்த எண்ணுக்கும் இப்படித்தான். வரிசை மாறலாம், துண்டுகள் மாறா. ஜாதகம் பார்க்கிறவர் கட்டத்தைப் போட்டுக்கொண்டு பேசத் தொடங்குவதுபோல, இனி நாம் சொல்லப்போகும் ஒவ்வொன்றும் இந்த ஒரு வரியிலிருந்துதான் வரும். இதை நோட்டின் தலைப்பில் எழுதி வையுங்கள். மேலே பேச்சு எங்கே தடுக்கினாலும் இங்கே திரும்பி வாருங்கள்.

இரண்டாம் படி: செவ்வகங்கள்

இப்போது புளியங்கொட்டைகளைக் கொட்டுங்கள். 96ஐயும் மிச்சமில்லாமல் செவ்வகமாக அடுக்க வேண்டும். எத்தனை விதமாக முடியும்?

ஒரே வரிசையாக 96. இரண்டு வரிசையாக வைத்தால் வரிசைக்கு 48. மூன்று வரிசைக்கு 32. நான்குக்கு 24. ஐந்துக்கு வராது, ஒரு கொட்டை மிஞ்சும். ஆறுக்கு 16. ஏழுக்கு வராது. எட்டுக்கு 12. ஒன்பதுக்கு வராது. பத்துக்குப் போகத் தேவையில்லை. ஏனென்றால் பத்துக்குப் பத்து நூறாகி 96ஐத் தாண்டிவிடுகிறது. பத்தோ அதற்கு மேலோ வரிசை வைத்தால் ஒவ்வொரு வரிசையிலும் பத்துக்குக் குறைவாகத்தான் இருக்கும். அந்தச் செவ்வகத்தை நாம் ஏற்கெனவே மறுபக்கமிருந்து பார்த்துவிட்டோம்.

ஆறு செவ்வகங்கள். ஒவ்வொன்றும் இரண்டு காரணிகளை, அதாவது 96ஐ மிச்சமில்லாமல் வகுக்கும் எண்களை, தருகிறது. எனவே காரணிகள் பன்னிரண்டு: 1, 2, 3, 4, 6, 8, 12, 16, 24, 32, 48, 96. புதிதாகப் பழகுகிறவர்கள் வழக்கமாக விடுவது 32. நான்கு, எட்டு, பன்னிரண்டு என்று கை போகிற போக்கில் அது நழுவிவிடும். ஜோடியாகவே எழுதினால் நழுவாது: மூன்று எழுதிய கையோடு 32 எழுதிவிடுங்கள்.

அடுக்காமலே எண்ணிக்கையைச் சொல்லவும் வழி இருக்கிறது. ஒரு காரணியை உருவாக்கும்போது ஐந்து இரண்டுகளில் எத்தனையை எடுப்பது என்று முடிவு செய்கிறோம்: ஒன்றும் எடுக்காமல் விடுவது முதல் ஐந்தையும் எடுப்பது வரை ஆறு வழி. மூன்றை எடுக்கலாம் அல்லது விடலாம்: இரண்டு வழி. ஆறிரண்டு பன்னிரண்டு. இன்னொரு சிறு வேடிக்கை: அந்தப் பன்னிரண்டே 96ஐ வகுக்கிறது. எல்லா எண்ணுக்கும் இப்படி அமையாது. பத்துக்குக் காரணிகள் நான்கு. நான்கு பத்தை வகுக்காது.

பன்னிரண்டு காரணி என்பது பெரிய சொத்தா? இரண்டு இலக்க எண்களில் அதற்கு மேல் யாருக்கும் இல்லை. ஆனால் 60, 72, 84, 90 ஆகிய நான்கும் 96 உடன் அந்த இடத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. சீனிவாச இராமானுஜன் 1915இல் வெளியிட்ட நீண்ட கட்டுரை ஒன்று இத்தகைய எண்களைப் பற்றியதுதான். தனக்கு முந்தைய எல்லா எண்களையும்விட அதிகக் காரணி கொண்ட எண்ணுக்கே அதில் இடம். 60 முந்திக்கொண்டது, 96க்கு இடம் கிடைக்கவில்லை. அந்த இராமானுஜன் பெயரால் 1950இல் சென்னையில் ஒரு கணித ஆய்வு நிலையத்தைத் தொடங்கியவர் எங்கள் கோட்டையூர் அழகப்பச் செட்டியார். காரைக்குடியில் அவர் வைத்த கல்லூரிகளைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். இதைச் சொல்கிறவர்கள் குறைவு. அதனால் வழியை விட்டு விலகியாவது சொல்லிவிட்டேன்.

இங்கிருந்து நகரும் முன் ஒரு கொட்டையைச் சேர்த்து 97 ஆக்கி, மறுபடி அடுக்கிப் பாருங்கள். ஒரே நீள வரிசையைத் தவிர எதுவும் வராது. பகா எண் என்றால் என்ன என்பதைக் கை புரிந்துகொள்ளும் இடம் அது.

எட்டணாக் கணக்கு

இதைப் படி என்று சொல்ல முடியாது, இடையில் ஒரு திண்ணை. பழைய பேரேடுகளில் பணத்தை ரூபாய், அணா, பை என்று மூன்று பத்தியாக எழுதுவார்கள். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஒரு அணாவுக்குப் பன்னிரண்டு பை. எட்டணா என்றால் எட்டுப் பன்னிரண்டு தொண்ணூற்றாறு பை. நாம் இப்போது அடுக்கிய எட்டுக்குப் பன்னிரண்டு செவ்வகம் அரை ரூபாயேதான்.

அந்த எட்டணாவை மூன்று பங்காளிகள் பிரித்தால் ஆளுக்கு 32 பை, அதாவது இரண்டணா எட்டுப் பை. சண்டை இல்லை. 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தது. அரை ரூபாய் 50 ஆனது. ஐம்பதை மூவருக்குப் பிரித்தால் ஆளுக்குப் பதினாறு போக இரண்டு மிஞ்சும். 50 = 2 × 5 × 5; அதில் மூன்று இல்லை, காரணிகளும் ஆறேதான். பத்துப் பத்தாக எழுதுவதற்குப் புதுப் பணம் வசதி. பங்கு பிரிப்பதற்குப் பழைய பணம் வசதி. என்னைக் கேட்டால் இரண்டாவது வசதி பெரிது என்பேன். நான் அணா பைசாவில் கூட்டல் போட நேராமல் தப்பியவன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பின்னங்களையும் 96இன் மேல் வைத்துப் பாருங்கள். அரை 48. கால் 24. அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று, 12. வீசம், அதாவது பதினாறில் ஒன்று, 6. எல்லாம் முழுதாக விழுகின்றன. மா என்பது இருபதில் ஒன்று. அதைப் போட்டதும் 96 திணறுகிறது, 4.8 வருகிறது. காணி என்பது எண்பதில் ஒன்று, அதுவும் வராது. காரணம் முதல் படியிலேயே இருக்கிறது. இருபதுக்கும் எண்பதுக்கும் உள்ளே ஓர் ஐந்து உட்கார்ந்திருக்கிறது. 96இல் ஐந்து இல்லை. கால், அரைக்கால், வீசம் எல்லாம் இரண்டின் குடும்பம். 96 அந்த வீட்டுச் சம்பந்தி. மாவும் காணியும் வேறு வீடு.

மூன்றாம் படி: முற்றங்கள்

திரும்பி வந்த நான்கு கல்லுக்கு இப்போது வருவோம். பத்துக்குப் பத்துச் சதுரத்தின் நடுவில் இரண்டுக்கு இரண்டு சதுரம் காலி: 100 − 4 = 96. செட்டிநாட்டு வீட்டைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தளம். கேள்வி இதுதான்: 96 கல்லை வைத்துக்கொண்டு, சதுர முற்றத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே அகலத்தில் வேறு எப்படியெல்லாம் தளம் போட முடியும்?

முதலில் நான் கண்மூடித்தனமாகப் போட்டுப் பார்த்தேன். பதினொன்றின் வர்க்கம் 121, அதில் 96 போனால் 25. ஆகா, ஐந்தின் வர்க்கம்! வெளியே 11, உள்ளே 5. பன்னிரண்டின் வர்க்கம் 144, மிச்சம் 48, அது வர்க்கம் இல்லை. பதின்மூன்று, 169, மிச்சம் 73, இல்லை. பதினான்கு, 196, மிச்சம் நூறு. கிடைத்தது: வெளியே 14, உள்ளே 10. அதன்பின் இருபது வரை போயும் ஒன்றும் சிக்கவில்லை, சலித்துப்போய் மூடி வைத்துவிட்டேன். அந்த முறையில் போனால் எப்போது நிறுத்துவது என்றே தெரியாது.

வழி காட்டியது காற்றாடி. முற்றத்தைச் சுற்றியுள்ள தளத்தை நான்கு பட்டைகளாகப் பிரியுங்கள். பிரிக்கும்போது மூலைகளைக் காற்றாடி மாதிரி விட வேண்டும்: மேல் பட்டை இடது மூலையிலிருந்து தொடங்கி வலது மூலைக்கு முன் நிற்கும், வலப் பட்டை அந்த மூலையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கும், கீழ்ப் பட்டை அடுத்த மூலையை எடுத்துக்கொள்ளும், கடைசிப் பட்டை மேலே ஏறும். நான்கும் ஒரே அளவு. கட்டம் போட்ட நோட்டில் வரைந்து, நான்குக்கும் வெவ்வேறு பென்சில் நிறம் தீட்டினால் ஒரு நொடியில் விளங்கிவிடும். பட்டையின் அகலம் தளத்தின் அகலம். பட்டையின் நீளம் அந்த அகலமும் முற்றத்தின் பக்கமும் சேர்ந்தது.

நான்கு பட்டைக்கு 96 கல் என்றால் ஒரு பட்டைக்கு 24. ஆக, கேள்வி சுருங்கிவிட்டது: 24 கல்லைச் செவ்வகமாக அடுக்க எத்தனை வழி? இது நமக்குத் தெரிந்த இரண்டாம் படிதான். 1 × 24, 2 × 12, 3 × 8, 4 × 6. நான்கே வழி. நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்தால் முற்றம் கிடைத்துவிடும்.

அகலம் ஒரு கல்: முற்றம் 23, வெளிச்சதுரம் 25.
அகலம் இரண்டு கல்: முற்றம் 10, வெளிச்சதுரம் 14.
அகலம் மூன்று கல்: முற்றம் 5, வெளிச்சதுரம் 11.
அகலம் நான்கு கல்: முற்றம் 2, வெளிச்சதுரம் 10. இது நம்முடைய துளசி மாடம்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அகலம் ஒன்றுகூட விடாமல் வந்து நிற்பதைப் பார்த்து அன்றிரவு நான் தனியாகச் சிரித்தேன். மொத்தக் கல் அதே 96. அகலம் ஏறஏற முற்றம் சுருங்குகிறது. ஒரு கல் அகலத்தில் 23க்கு 23 முற்றம் என்றால் பெரிய வீட்டுக் கல்யாணக் கூட்டமே உட்காரும். நான்கு கல் அகலத்தில் ஒரு மாடத்துக்குத்தான் இடம். நான் இருபதோடு நிறுத்தாமல் இன்னும் ஐந்து எண் போயிருந்தால் 25ஐயும் பிடித்திருப்பேன் என்பது வேறு விஷயம்.

இப்படி நான்கு முற்றம் தரும் எண்களில் மிகச் சிறியது 96தான். அதைச் சரிபார்ப்பதும் கடினமில்லை. இரட்டைப்படையாக ஓர் எண் இரு சதுரங்களின் வித்தியாசமாக வர வேண்டுமானால் அது நான்கால் வகுபட வேண்டும். அதன் கால்பங்கை நான்கு விதமாகச் செவ்வகம் ஆக்க முடிய வேண்டும். அப்படிப்பட்ட முதல் கால்பங்கு 24, எட்டுக் காரணி கொண்ட முதல் எண் அதுவே. ஒற்றைப்படையில் தேடினால் எட்டுக் காரணி கொண்ட முதல் எண் 105; 96ஐத் தாண்டிவிடுகிறது.

சதுரத்தைப் பற்றிய பேச்சு வந்ததால் இன்னொன்று. 96 கல்லை இரண்டு தனித்தனிச் சதுரத் தளமாகப் பிரிக்க முடியாது. 81 எடுத்தால் மிச்சம் 15, 64 எடுத்தால் 32, 49 எடுத்தால் 47. எதுவும் சதுரம் இல்லை. அதற்குக் கீழே போகத் தேவையில்லை, இரண்டில் பெரிய சதுரம் 48க்குக் குறைய முடியாது. மூன்று சதுரமாகப் பிரிக்கலாம்: எட்டுக்கு எட்டு ஒன்று, நான்குக்கு நான்கு இரண்டு. 64 + 16 + 16. கூடத்துக்கு ஒன்று, திண்ணைக்கு ஒவ்வொரு பக்கம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: காரணிகளைக் கூட்டுவது

காரணிகள் பன்னிரண்டையும் கூட்டினால் 252. தன்னையே, அதாவது 96ஐ, விட்டுவிட்டுக் கூட்டினால் 156. தன்னைவிடத் தன் உறுப்புகளின் கூட்டுத்தொகை பெரிதாக இருக்கும் இந்த மாதிரி எண்ணை மிகை எண் என்று சொல்லலாம். சரியாகச் சமமாக வந்தால் நிறைவெண்: 6 = 1 + 2 + 3. அதற்கடுத்தது 28. 96 நிறைவெண் இல்லை. ஆனாலும் சில காரணிகளை மட்டும் பொறுக்கிக் கூட்டினால் 96ஐ அடைந்துவிடலாம்: 48 + 32 + 16. அரைப் பங்கு, மூன்றில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்கு. மூத்தவனுக்குப் பாதி, நடுவனுக்கு மூன்றில் ஒன்று, கடைக்குட்டிக்கு ஆறில் ஒன்று என்று உயில் எழுதினால் சொத்தில் ஒரு கல்கூட மிஞ்சாது. கடைக்குட்டி மட்டும் பேசமாட்டான்.

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுவோம். எந்த எண்ணின் காரணிகளை (அந்த எண்ணை விட்டுவிட்டு) கூட்டினால் 96 வரும்?

பக்கத்து எண்களுக்கு எளிதாகக் கிடைக்கிறது. 445 = 5 × 89. அதன் காரணிகள் 1, 5, 89; கூட்டினால் 95. 623 = 7 × 89; 1 + 7 + 89 = 97. இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கிறது, 96க்கு மட்டும் இல்லை. எந்த எண்ணைப் போட்டாலும் வராது. இப்படி யாராலும் எட்ட முடியாத எண்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதை அப்படியே தமிழாக்கினால் நம் மண்ணில் கசப்பான நினைவுகள் கொண்ட ஒரு சொல் வந்து விழும். எனக்கு மனம் ஒப்பவில்லை. எட்டா எண் என்று சொல்லிக்கொள்கிறேன். இந்த வரிசை 2, 5, 52, 88, 96, 120 என்று போகிறது. இரண்டும் ஐந்தும் எட்டாதவை என்று சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அபு மன்சூர் அல்-பக்தாதி குறித்து வைத்தார். இத்தகைய எண்கள் முடிவில்லாமல் வரும் என்பதை 1973இல் பால் எர்டீஷ் நிறுவினார்.

"எந்த எண்ணைப் போட்டாலும்" என்றால் எண்களுக்கு முடிவேது, எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். பகா எண்ணைப் போட்டால் கூட்டுத்தொகை வெறும் 1. பகு எண்ணைப் போட்டால், அதன் காரணிகளில் (தன்னைத் தவிர) பெரியது அதன் வர்க்கமூலத்துக்குக் குறையாது. கூடவே 1 எப்போதும் இருக்கும். மொத்தம் 96 ஆக வேண்டுமானால் அந்தப் பெரிய காரணி 95ஐத் தாண்டக் கூடாது. எனவே எண் 95 × 95 = 9025ஐத் தாண்டக் கூடாது. முடிவில்லாத தேடல் 9025 எண்களுக்குள் அடங்கிவிட்டது. கையால் செய்தால் பல நாள் வேலை. கணினி நிரல் எழுதத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் காபி ஆறுவதற்குள் முடித்துவிடும்.

ஐந்தாம் படி: காம்பஸ்

சிராக்கூஸ் நகரத்து ஆர்க்கிமிடீஸ், கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப்போல எத்தனை மடங்கு என்று கண்டுபிடிக்க நம்முடைய 96ஐத்தான் பிடித்தார். வட்டத்துக்குள் ஒழுங்கான ஆறுபக்க வடிவத்தை வரைந்தார். காம்பஸை வட்டத்தின் ஆர அளவிலேயே வைத்துச் சுற்றி வந்தால் ஆறு புள்ளி தானாக விழும். கோலம் போடுகிறவர்களுக்கு இது பழக்கம். பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டாக்கினால் 12, 24, 48, 96. நாம் முதல் படியில் 96இலிருந்து இறங்கி வந்த அதே ஏணியில் அவர் ஏறிப் போனார். உள்ளே ஒரு 96 பக்க வடிவம், வெளியே ஒன்று. நடுவில் வட்டம் மாட்டிக்கொண்டது. அந்த மடங்கு 223/71ஐவிடப் பெரியது, 22/7ஐவிடச் சிறியது என்று நிறுவினார். பள்ளியில் நாம் போட்ட 22/7 அந்த மேல்விளிம்பு.

10 சென்டிமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டு 24 பக்கம் வரை வரைந்து பாருங்கள். அதற்கு மேல் பென்சில் முனை இடம் கொடுக்காது. 96 பக்கத்தில் ஒரு பக்கம் ஆறரை மில்லிமீட்டர்தான். எல்லாப் பக்கத்தையும் கூட்டினால் 62.82 சென்டிமீட்டர். வட்டத்தின் சுற்றளவு 62.83. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம்.

எதைச் சேர்க்கக் கூடாது

தலைகீழாகத் திருப்பினாலும் 96 என்றே தெரியும் என்று யாராவது சொல்வார்கள். தெரியும், உண்மைதான். ஆனால் அது நாம் எழுதும் வடிவத்தின் குணம். பழைய தமிழ்க் கணக்கேட்டில் இதே எண் ௯௰௬. நோட்டைத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள், ஒன்றும் நடக்காது. எழுத்து மாறினால் மறைந்துவிடும் குணத்தை எண்ணின் கணக்கில் வரவு வைக்காதீர்கள்.

இலக்கங்களைக் கூட்டிப் பலன் சொல்கிறவர்களும் அதே வகை: 9 + 6 = 15, 1 + 5 = 6, ஆறு சுக்கிரனுடையது என்று தொடங்குவார்கள். நான் எழுந்து போய்விடுவேன். ஆனால் அந்தக் கூட்டலுக்கு உண்மையான பயன் ஒன்று உண்டு. கடைசியில் வரும் 6 என்பது 96ஐ ஒன்பதால் வகுத்தால் கிடைக்கும் மீதி. அதை வைத்துப் பெருக்கலைச் சரிபார்க்கலாம். 96 × 8 = 768 என்று எழுதியிருக்கிறீர்கள். 6 × 8 = 48; 4 + 8 = 12; 1 + 2 = 3. விடையில் 7 + 6 + 8 = 21; 2 + 1 = 3. ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாவிட்டால் தப்பு நிச்சயம். ஒத்துப்போனால் சரி என்று உறுதி சொல்ல முடியாது.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. ஒரு மாதக் கடைசியில் ஏட்டில் இருப்பு 27 கல் குறைந்தது. ஒன்பதால் சோதித்தேன், எல்லா வரியும் ஒத்துப்போனது. இரண்டு நாள் தொட்டிகளையும் அடுக்குகளையும் எண்ணினோம். கடைசியில் பார்த்தால் 96 கல் வரவை 69 என்று நானே மாற்றி எழுதியிருந்தேன். இலக்கம் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது, அதனால் ஒன்பதுச் சோதனை கண்ணை மூடிக்கொண்டது. அதே காரணத்தால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும்: 27 = 9 × 3. அன்றிலிருந்து பேரேட்டில் விழும் வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் கல்லை எண்ணப் போவதில்லை. என் எழுத்தைத்தான் முதலில் தேடுவேன்.

அடுத்த எண்

96ஐ முடித்தவர்கள் 320ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முந்திரி என்ற பழைய பின்னம் 320இல் ஒன்று. முதல் படியிலேயே ஆறு இரண்டும் ஓர் ஐந்தும் வரும். 96 திணறிய மாவும் காணியும் இங்கே முழுதாக விழும். மா 16, காணி 4. பிறகு முற்றங்களுக்குப் போங்கள். ஒரு பட்டைக்கு 80 கல். ஐந்து முற்றங்கள் கிடைக்கும். எட்டுக் கல் அகலத்தில் போட்டால் நடுவில் இரண்டுக்கு இரண்டு மிஞ்சி, அதே துளசி மாடம் மறுபடி வந்து நிற்கும். மூன்று கல் அகலத்தில் மட்டும் எவ்வளவு முயன்றாலும் தளம் போட முடியாது. ஏன் என்பதை 320க்காக நோட்டின் தலைப்பில் எழுதும் வரியைப் பார்த்து நீங்களே சொல்லிவிடுவீர்கள்.